பெரட்டுக்கு நேரமாச்சு

போன மாதம் மெர்கோங்கில் நான் கடைசியாக வேலை பார்த்த பராமரிப்பு இல்லத்தில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் இரண்டு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். படுக்கைப் புண் பற்றிப் பேசினேன். விழுங்க முடியாதவர்களுக்குக் கஞ்சி ஊட்டும் விதத்தைச் செய்து காட்டினேன். முடிந்ததும் தர்ஷினி என்ற பெண் கையைத் தூக்கி, "சிஸ்டர், நீங்க செஞ்சதிலேயே பெரிய மிஸ்டேக் என்னா சிஸ்டர்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பயிற்சிக் காலத்தில் ஒரு தட்டு நிறைய தெர்மாமீட்டர்களைக் கொதிநீரில் போட்டு வெடிக்கவிட்ட கதையைச் சொல்லிச் சமாளித்தேன்.

அது நடந்ததுதான், பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. வீடு வந்து சேரும் வரை எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்தப் பிள்ளைகள் கையில் இப்போது ஆளுக்கொரு டேப்லெட் கணினி இருக்கிறது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். நோயாளி தானே கேட்டால் பக்கத்துக் கட்டம். அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று எழுத அதில் இடமே இல்லை. தர்ஷினிக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது அதைப் பார்த்த பிறகுதான்.

நான் அலோர் ஸ்டாரில் கடைக்காரர் மகள். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். தாதியர் பயிற்சி, அரசாங்க மருத்துவமனையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல், பிறகு இந்த இல்லத்தில் பதினான்கு வருடம். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திட்டு வாங்கினோம், படுக்கை விரித்தோம், பரீட்சை எழுதினோம், வெளியே வந்தோம்.

மருத்துவமனையில் எனக்கு ஒரு கூடுதல் வேலை இருந்தது. வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்திதான் என்றால், தமிழ் நோயாளிகள் எல்லாருக்கும் அவள்தான் வாய். டாக்டர் ஏதாவது கேட்பார், நோயாளி ஏதாவது சொல்வார், இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் "நெஞ்சக் கரிக்குது" என்றார். அப்படிச் சொன்னால் வயிற்றுக் கோளாறு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்கு அவர் முகத்து வியர்வையைப் பார்த்துச் சந்தேகம் வந்து, "இவருக்கு மாரடைப்பாக இருக்கும்" என்று சொன்னேன். அப்படியே இருந்தது. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நோயாளி பாதி சொல்லும்போதே மீதி எனக்குத் தெரியும் என்று நம்ப ஆரம்பித்தேன்.

இல்லத்தில் எனக்கு மேலதிகாரி மேட்ரன் ரொகாயா. குள்ளமான உருவம், வெளுத்த நீலத்தில் தலைத்துணி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலை ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார். மற்ற மேட்ரன்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், இவர் குதிகாலைப் பார்ப்பார். போர்வையின் கால்பக்க முனையை இரண்டு விரலால் தூக்கி, குதிகால் மெத்தையில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பார். பட்டால் ஒன்றும் சொல்லாமல் ஒரு தலையணையை எடுத்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டு நகர்வார். அன்று முழுக்க அந்தத் தலையணை நம்மை முறைத்துக்கொண்டிருக்கும்.

தோல் சிவந்திருந்தால் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தி, எடுத்து, பார்ப்பார். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே ரத்த ஓட்டம் கெட்டுவிட்டது, புண் வரப்போகிறது என்று பொருள். புரட்டுவதற்கு அவர் வைத்திருந்த சட்டம் இது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு பேர், அடியில் இருக்கும் விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும், உடம்பை இழுக்கக் கூடாது. இழுத்தால் எலும்பு ஒரு பக்கம் போகும், தோல் ஒரு பக்கம் நிற்கும், நடுவில் இருப்பது கிழியும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று.

நாம் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். எங்கள் கெடா மாநிலத்து மலாய்ப் பேச்சில் "சாப்பா காத்தா?" என்பார். யார் சொன்னது என்று அர்த்தம். "ஆறாம் கட்டில் சாப்பிட மாட்டேங்கிறார், மேட்ரன்." "சாப்பா காத்தா?" அவரே சொன்னாரா, மகன் சொன்னாரா, நீ நினைத்தாயா? எங்களுக்கு அது பெரிய கிண்டல். அவர் போனதும் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்திக்கொருத்தி "சாப்பா காத்தா, சாப்பா காத்தா" என்று சொல்லிக்கொள்வோம். அதிகம் கிண்டல் செய்தது நான்தான்.

அஞ்சலையம்மா வந்தது நான் அங்கே சேர்ந்து பல வருடம் கழித்து. மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஏறக்குறைய நாற்பது வருடம் பால் வெட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய், இரண்டு மூன்று வார்த்தைதான் மிச்சம். மகள் சரசு சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மூன்றாவது மாடியில் அடுக்குமாடி வீடு, வேறு ஆள் கிடையாது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியேற வழியில்லாமல்தான் எங்களிடம் விட்டார். ஞாயிறு மதியங்களில் பஸ் ஏறி வருவார்.

வந்த மூன்றாம் நாள் விடியற்காலையிலிருந்து அஞ்சலையம்மா சத்தம் போட ஆரம்பித்தார். வந்த வார்த்தை இது: "பெரட்டு… நேரமாச்சு… பெரட்டு." அந்த ஷிப்டில் இருந்த நூருல், பெண்டாங்கிலிருந்து வந்த மலாய்ப் பெண், நல்ல உழைப்பாளி. காலையில் நான் மருந்துத் தட்டில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "அக்கா, அந்த அம்மா 'பெராட்டு, நேராமாச்சு, பெராட்டு'ன்னு சொல்றாங்க, என்னக்கா அது?" என்று மலாயில் கேட்டாள்.

நான் தலை நிமிரவில்லை. எங்கள் வீட்டில் தோசையைப் பெரட்டுவோம், வார்டில் நோயாளியைப் பெரட்டுவோம். "டியா மிந்தா பூசிங்" என்றேன். திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார். "'நேரமாச்சு'ன்னு வேற சொல்றாங்களா? பார்த்தியா, இரண்டு மணி நேரக் கணக்குகூட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." இதையும் சொல்லி நான் சிரித்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதன் பிறகு நடந்தது இது. அஞ்சலையம்மா கூப்பிடுவார், நூருல் ஓடிப் போய்த் திருப்புவாள். இரண்டு மணிக்கொரு முறை திருப்ப இரண்டு பேர் உண்டு. கேட்கும்போதெல்லாம் திருப்ப ஒருத்திதான் உண்டு. ஒருத்தியால் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். திருப்பியதும் அவர் இன்னும் சத்தமாக "பெரட்டு" என்பார். மறுபடி திருப்புவாள். அவர் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திமிறுவார், நல்ல காலைக் கம்பிக்கு மேல் போடுவார், அழுவார். இது தினமும் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை. நான் அறிக்கையில் "அமைதியின்மை" என்று எழுதினேன். சரசுவிடமும், "அம்மாவுக்கு ஒரே பக்கமா படுக்க முடியலம்மா, திருப்புங்க திருப்புங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றேன். அவர் பாவம், "செரி சிஸ்டர், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம், வாரமொரு முறை வரும் டாக்டர் என் அறிக்கையைப் படித்துவிட்டு அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதினார். மறுநாள் காலை அஞ்சலையம்மா சத்தம் போடவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. ரவுண்ட்ஸ் வந்த மேட்ரன் அன்று குதிகாலைப் பார்த்த பிறகு முகத்துக்கு வந்தார். உறையிட்ட விரலை வாயின் வலப்பக்கக் கன்னத்துக்குள் விட்டு வழித்தார். காலையில் ஊட்டிய கஞ்சி அப்படியே அங்கே அடைந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருக்கும்.

பிறகு அவரைச் சாய்த்துப் பின்புறம் பார்த்தோம். முதுகுத்தண்டின் அடி எலும்பின் மேல் ஐம்பது காசு அளவுக்குத் தோல் உரிந்து, ஈரமாக, ரோஜா நிறத்தில் இருந்தது. மேட்ரன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திரை எதுக்கு?"

"டாக்டர் கொடுத்தார், மேட்ரன். அமைதியில்லாம இருக்காங்கன்னு."

"சாப்பா காத்தா?"

"ரிப்போர்ட்ல இருந்தது."

"ரிப்போர்ட்ல யார் எழுதினது?"

"நான்."

"தோல் ஏன் உரிஞ்சது?"

நூருல் அழ ஆரம்பித்தாள். "அவங்க கேட்டாங்க மேட்ரன், அதான் திருப்பினேன்."

"அவங்க கேட்டாங்கன்னு சாப்பா காத்தா?"

நூருல் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நல்ல பிள்ளை, காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றேன். அந்தக் கிண்டல் வார்த்தை எல்லாம் அன்று திரும்பி வந்து என் முகத்தில் விழுந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. தமிழ் எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

மேட்ரன் டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையை நிறுத்தினார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுவில் கோடு போட்டு என்னிடம் கொடுத்தார். இடப்பக்கம் நோயாளி சொன்ன சொல், அவர் வாயிலிருந்து வந்தபடியே. வலப்பக்கம் நாம் நினைத்த பொருள். "மூணு நாள் காலைல அஞ்சு மணிக்கு வந்து பக்கத்தில உட்காரு. தொடாதே. இடப்பக்கம் மட்டும் எழுது" என்றார்.

முதல் நாள் மருந்தின் மயக்கம் முழுதும் விடவில்லை. இரண்டாம் நாள் ஐந்தே காலுக்கு ஆரம்பித்தார். பதினோரு தடவை "பெரட்டு" என்று எழுதினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னையோ நூருலையோ பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்தார். நல்ல கை தலைமாட்டில் எதையோ தேடியது. திருப்பச் சொல்கிறவர் ஏன் கதவைப் பார்க்க வேண்டும்? அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் வேன் டிரைவர் மணியம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் நாள் அது. தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் நின்றவர் திடீரென்று சிரித்தார்.

"அடேங்கப்பா! யாருக்கா அது, இங்க பெரட்டு வைக்கிறது?"

"என்ன தம்பி?" என்றேன்.

"பெரட்டுக்கா, பெரட்டு. தோட்டத்துல விடியக்காத்தால பேரு கூப்பிடுவாங்கல்ல. எல்லாரும் களத்துல வரிசையா நிக்கணும், கணக்கு எழுதுற கிராணி பேரு வாசிப்பாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நெசமாவா? லேட்டா போனா அவ்ளோதான்கா. நம்ம நெரைய வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க, வேலைய மேல்பாக்குற மண்டோர் வீட்டுக்குப் போன்னு தொரத்திருவாரு. நெரைன்னா நாம வெட்டுற மரவரிசை. எங்கம்மா என்னைய இடுப்புல வச்சிக்கிட்டே பெரட்டுக்கு ஓடுவாங்க."

தோட்டத்து ஆட்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பா கடை வாசலில், ஞாயிற்றுக்கிழமை, தலை சீவி, பூ வைத்து. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்கள் எங்கே நிற்பார்கள், என்ன சொல்வார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதே தமிழ்தானே என்று இருந்துவிட்டேன். இந்த மனுஷி வேலைக்குப் போக நேரமாகிவிட்டது என்று பதற, நாங்கள் அவரைப் பிடித்துப் பிடித்துப் படுக்கையில் உருட்டியிருக்கிறோம். அவர் தலைமாட்டில் தேடியது வேலைக்குக் கட்டிப் போகும் தலைத்துண்டாகத்தான் இருக்க வேண்டும்.

"தம்பி, கொஞ்சம் பேரு கூப்பிடு" என்றேன்.

"நானா?"

"நீதான். கிராணி மாதிரி."

மணியம் கூச்சத்தோடு இந்தப் பக்கம் வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நேராக நின்றார். கையில் இருந்த டயாலிசிஸ் பெயர்ப் பட்டியலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, "அஞ்சலை!" என்று ஓர் அதட்டுப் போட்டார்.

அஞ்சலையம்மா அப்படியே நின்றுவிட்டார். படுத்திருந்தவரை நின்றுவிட்டார் என்று எழுதுகிறேன், வேறு வார்த்தை வரவில்லை. நல்ல கை மேலே போனது.

"இருக்கேன்" என்றார். தெளிவாக. அவர் எங்களிடம் வந்த பிறகு நாங்கள் கேட்ட முதல் புது வார்த்தை அது.

"பழைய நெரைதான்மா. போங்க" என்றார் மணியம். அஞ்சலையம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டு, தலையணையில் சாய்ந்து, கஞ்சி வரும்வரை தூங்கினார்.

மேட்ரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சாப்பா காத்தா?" என்று இந்தத் தடவையும் கேட்டார். "மணியம் சொன்னார். நான் சொன்னது தப்பு" என்றேன். தலையசைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மகள்கிட்ட நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். சரசு வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டு வந்திருந்தார். நான் பேசி முடிக்கும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தார். புண்ணைப் பார்க்க வேண்டும் என்றார், காட்டினேன்.

"சிஸ்டர், ஒரே ஒரு தடவ அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. பெரட்டுன்னு ஒங்க வாயால சொல்லிருந்தா நான் அன்னிக்கே சொல்லிருப்பேன். நானும் அம்மாகூட போயி நின்னவதான். நீங்க அர்த்தத்த மட்டும்தானே சொன்னீங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். புண்ணு ஆறலன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

அவர் ஷிப்டுக்குப் போனால் வீட்டில் எட்டு மணி நேரம் யாரும் இல்லை. புரட்ட ஒரு கைகூட இல்லை. ஐம்பது காசு அளவுப் புண் அங்கே ஒரே வாரத்தில் எலும்பு வரைக்கும் போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் எங்களை நம்ப முடியாத ஆத்திரத்தில் சொன்னார், அதில் நியாயம் இருந்தது.

அந்த மாதம் முழுக்க அந்தப் புண்ணை நான் வேறு யாரையும் தொடவிடவில்லை. உப்பு நீரால் கழுவுவேன், துடைக்காமல் ஒற்றி எடுப்பேன், மருந்துப் பட்டை வைப்பேன். மல்லாக்கப் படுக்கவே விடவில்லை, இடம் வலம் மட்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர், விரிப்பைப் பிடித்துத் தூக்கி. கஞ்சியில் முட்டை, மீன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காகித அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

காலை ஐந்தரைக்குப் பெரட்டு. மணியம் வராத நாள் நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "அஞ்சலை!" அஞ்சலையம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் வீட்டுக் குரல் கிராணிக்கு ஆகாது போலிருக்கிறது. பிறகு நூருல் வந்து, மலாய் வாடையோடு "அஞ்ஜாலாய்!" என்று கத்தினாள். உடனே கை மேலே போனது. "இருக்கேன்." நூருலுக்கு ஒரே சந்தோஷம், எனக்குக் கொஞ்சம் பொறாமை.

மாதக் கடைசி ஞாயிறு சரசு மதியம் வரவில்லை. முதல் நாளே வந்து தங்கி, விடியற்காலை எங்களோடு வந்து நின்றார். புண்ணைப் பார்த்தார். மேலே மெல்லிய புதுத் தோல் மூடியிருந்தது. அவர் அம்மாவின் தலையில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினார். ஐந்தரை ஆனது. மணியம் கால்மாட்டில் நின்று பேர் கூப்பிட்டார். அஞ்சலையம்மா "இருக்கேன்" என்றார். மணியம் சரசுவின் பேரையும் கூப்பிட்டார். சரசு அழுதுகொண்டே "இருக்கேன்" என்றார்.

மணியம் பட்டியலை மடிக்கப் போனார். அஞ்சலையம்மா விடவில்லை. சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்ற என்மேல் கண் நின்றது. நல்ல கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, கிட்டே இழுத்தார். பால் வெட்டிய கை, பிடி இறுகித்தான் இருந்தது. மணியத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சொன்னார்.

"இவ… இருக்கா."

மணியம் என்னைப் பார்த்தார். "பேரு?" என்றார், கிராணிக் குரலிலேயே.

"கமலவேணி" என்றேன். "இருக்கேன்."

சரசு அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. அன்றைய நோட்டில் இடப்பக்கம், "இவ இருக்கா" என்று எழுதினேன். வலப்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. ரவுண்ட்ஸ் வந்த மேட்ரன் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், போர்வையின் முனையைத் தூக்கிக் குதிகாலைப் பார்க்கப் போய்விட்டார்.